எட்டு மணிக்கே எழுதிய வரி

எங்கள் மேசையில் ஒரு பாதி மற்ற பாதியைவிட இரண்டு விரல் உயரம். உண்மையில் அது ஒரு மேசை இல்லை, இரண்டு. பாலத்தின் நடுவில் இருக்கிற இந்த அறைக்கு எந்த நாடு மேசை கொடுப்பது என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மூன்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். முடிவில் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து ஒட்டிப் போட்டார்கள். அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டு விரல் இறக்கத்தில் நான் கவிழ்த்த டீயை ஆற்றில் ஊற்றியிருந்தால் வெள்ளமே வந்திருக்கும்.

உயரமான பாதி வடகரைக்காரர்களுடையது. காலை முறையில் அங்கே உட்காருகிறவனுக்கு நெட்டை என்று நான்தான் பெயர் வைத்தேன். கதவு நிலையில் தலை இடிக்காமல் அவன் உள்ளே வந்த நாள் கிடையாது. தாழ்ந்த பாதி தென்கரை, அதாவது நான். என்னை என் தம்பி பட்டாசு என்று கூப்பிடுவான். யாராவது ஒரு சொல் கூடப் பேசினால் வெடித்துவிடுவேனாம். இதைத் தெரிந்துகொண்ட நெட்டை, "சத்தத்தைப் பத்தி விசாரிக்கிற வேலைக்குப் பட்டாசையே வெச்சிருக்காங்களா!" என்று முதல் வாரம் முழுக்கச் சிரித்தான். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் ஒரே மொழிதான். சண்டை போட அது என்றைக்கும் தடையாக இருந்ததில்லை.

வேலை இதுதான். கரையோரம் எங்கே என்ன சத்தம் கேட்டாலும் இரண்டு பக்க ராணுவ முகாம்களும் உடனே எங்களைத்தான் கூப்பிட வேண்டும். நாங்கள் இருவரும் இருபது நிமிடத்துக்குள் விசாரித்து, என்ன நடந்தது என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்ட வாக்கியமாக இருக்க வேண்டும். அதை அவன் தன் முகாமுக்குப் படிப்பான், நான் என் முகாமுக்குப் படிப்பேன். அந்த இருபது நிமிடமும் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. சமாதான ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "அமைதியில் இளைஞர் பங்கேற்பு" என்று ஒரு பத்தி இருக்கிறது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று சேர்த்திருப்பார்கள். அந்தப் பத்தியை என்ன செய்வதென்று தெரியாமல், முப்பது வயதுக்குக் கீழே கரைக்கு ஆறு பேராகப் பிடித்து இந்த வேலையை எங்கள் தலையில் கட்டினார்கள். ஆறு மாதம் வெள்ளோட்டம். அதற்குள் நாற்பத்தொரு சத்தங்களுக்கு வாக்கியம் எழுதிவிட்டோம். லாரி டயர். ரொட்டிக்கடை அடுப்பு. கல் குவாரி. மொட்டை மாடியிலிருந்து யாரோ தள்ளிவிட்ட பீரோ. ஒன்றுக்குக்கூட யாரும் திருப்பிச் சுடவில்லை.

எனக்கு இது வெறும் சம்பள வேலை இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஆற்றங்கரையில் ஏதோ ஒன்று டமார் என்றது. நாங்கள் சுட்டோம் என்று நினைத்து அவர்கள் சுட்டார்கள். அவர்கள்தான் ஆரம்பித்தார்கள் என்று நாங்கள் திருப்பிச் சுட்டோம். நாலு நாள் நடந்தது. முதல் நாளே செத்தவர்களில் என் மாமாவும் ஒருவர். அம்மாவின் ஒரே தம்பி. தபால் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அந்த முதல் சத்தம் என்ன என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு லாரி டயராகக்கூட இருந்திருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்கப்புறம் அம்மா 'அக்கரை' என்ற சொல்லையே விட்டுவிட்டாள். சொல்லியே ஆகவேண்டும் என்றால் "அந்தப் பக்கம்" என்று முகவாயைத் திருப்பிக் காட்டுவாள். நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் தினமும் நான் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள், தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள்.

"இன்னைக்கு என்ன சத்தம்?"

போதாததற்கு, கட்டாய சேவைக்குப் போன தம்பியை ஆற்றங்கரைக் காவல் மேடையிலேயே போட்டார்கள். அக்கரையிலிருந்து ஒரு குண்டு வந்தால் முதலில் அவனைத்தான் தேடிக்கொண்டு வரும். வெள்ளோட்டம் முடிந்து மேசையை மூடிவிட்டால் பழையபடி சத்தம் கேட்டதும் சுடலாம். அதனால் இந்தக் கோணல் மேசை அங்கேயே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை.

இனி எங்கள் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வேலை முறை முடியும்போதும், சத்தமே கேட்காவிட்டாலும், புத்தகத்தில் ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "காலை முறையில் எதுவும் நடக்கவில்லை. மதியம் 2.00." எங்கள் முறை முடிவது இரண்டு மணி. பாலத்தின் முனையிலிருந்து என் பஸ் கிளம்புவதும் இரண்டு மணி. அதை விட்டால் நாலு மணிக்குத்தான். நெட்டையின் வேனும் அப்படியே. முதல் மாதம் மூச்சிரைக்க ஓடினோம். பத்து நாள் பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் நெட்டை சொன்னான், "எப்படியும் இதையேதான எழுதப் போறோம், காலையிலயே எழுதி வெச்சிட்டா என்ன?" எனக்கும் அது பெரிய அறிவாளித்தனமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து எட்டு மணிக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். எழுதுவோம், "மதியம் 2.00" என்று போடுவோம், கையெழுத்திடுவோம், டீ குடிப்போம். எங்கள் நல்ல நேரம், சத்தமெல்லாம் சாயங்கால முறைக்காரர்கள் தலையில்தான் விழுந்தது. எழுபத்தாறு நாள் இப்படி ஓடியது.

எழுபத்தேழாவது நாள் மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வருவதாக இருந்தது. இரண்டு நாட்டுக்கும் பொதுவான ஆள். மேசையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று அவர்தான் எழுதப் போகிறார். பதினொன்றரைக்கு வருகிறார் என்று அறையைக் கூட்டி, ஜன்னலைத் துடைத்து வைத்தோம். நெட்டை தன் ஒரே நல்ல சட்டையில் வந்திருந்தான். வழக்கம்போல எட்டு மணிக்கு வரியை எழுதினோம். கையெழுத்துப் போட்டோம்.

பத்து பன்னிரண்டுக்கு டப் என்று ஒரு சத்தம்.

டயர் இல்லை. ஆறு மாதத்தில் காது பழகியிருந்தது. நெட்டையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்குள் இரண்டு போன்களும் ஒன்றாக அலறின. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் இருபது நிமிடக் கெடு பத்து முப்பத்திரண்டு என்று கையில் எழுதிக்கொண்டேன்.

வடகரையில் என்ன ஆனது என்று நெட்டைக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆற்றைப் பார்த்தமாதிரி இருக்கிற முடிதிருத்தும் கடை. மாடியில் இருந்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் குண்டு பாய்ந்து, தண்ணீர் படிக்கட்டு வழியாகக் கடைக்குள் இறங்கி, முகமெல்லாம் சோப்போடு சாய்ந்திருந்த ஒரு ஆளின் மடியில் கொட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் காயமில்லை. கடைக்காரர் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

குண்டு வந்திருப்பது எங்கள் பக்கத்திலிருந்து. நான் காவல் மேடைக்குப் போன் போட்டேன்.

எடுத்தவன் வாயைத் திறப்பதற்கு முன், மூச்சை வைத்தே யார் என்று தெரிந்துவிட்டது.

"டேய், என்னடா ஆச்சு?"

"அக்கா, நான்தான். துடைச்சிட்டிருந்தேன். குண்டுப்பெட்டிய கழட்டிட்டேன்க்கா, சத்தியமா கழட்டிட்டேன். காலின்னு நினைச்சு அழுத்திப் பாத்தேன். குழலுக்குள்ள ஒண்ணு இருந்திருக்கு. யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. ஒரு தொட்டி. நீ அங்கயே உக்காரு. எதையும் தொடாத."

போனை வைப்பதற்குள் எங்கள் முகாமின் அதிகாரி கூப்பிட்டார். அவருக்கும் விஷயம் போயிருந்தது. "கல் குவாரின்னு போட்டுரும்மா. கல்லு தெறிச்சு தொட்டி உடைஞ்சதுன்னு எழுது. அந்தப் பையன் உன் தம்பிதான? புரிஞ்சு நடந்துக்க." நல்லவர் மாதிரிதான் சொன்னார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்கும் குவாரி அழகாகத்தான் தெரிந்தது. கெடுவுக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

நெட்டை கேட்டான், "யாருன்னு தெரிஞ்சுதா?"

"என் தம்பி."

அவனுக்குத் தம்பியை நேரில் தெரியாது. ஆனால் ஆறு மாதமாக நான் சொல்லும் கதைகளில் பாதி தம்பியைப் பற்றியதுதான். அவன் முகம் சுருங்கியது. "பேரெல்லாம் வேணாம். 'தென்கரையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது'ன்னு மட்டும் சொல்லிப் பாக்குறேன்" என்றான். தன் முகாமுக்கும் அப்படியே சொன்னான். அந்தப் பக்கத்துத் தளபதியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"தவறுதலாவா? யாரு சொன்னா தவறுதலா? சுட்டவனா சொன்னான்? அந்தப் பொண்ணு சொல்லிச்சு, நீ தலையாட்டிட்டியா? இன்னும் ஆறு நிமிஷம்தான். ஆளுங்க ஏற்கனவே துப்பாக்கியோட மேடையில ஏறியாச்சு."

எதிர்க்கரை முகாமோடு நாங்கள் பேசவே கூடாது என்பது சட்டம். முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நான் எட்டி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"சார், நான் தென்கரை மேசை பேசுறேன்."

"உனக்கு இந்த லைன்ல என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல சார். சுட்டது என் கூடப் பிறந்த தம்பி. அத சொல்லத்தான் வாங்குனேன்."

நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். "எங்க ஆளுங்க குவாரின்னு எழுதச் சொல்றாங்க. நான் எழுத மாட்டேன். அவனுக்கு இருபது வயசு. பயந்துபோய் உக்காந்திருக்கான். நீங்க சுட்டா முதல்ல போறவன் அவன்தான். அதுக்காக உங்ககிட்ட பொய் சொல்லல. உண்மையச் சொன்னா நம்புவீங்கன்னு சொல்றேன்."

தளபதி மெதுவாகக் கேட்டார், "துடைக்கும்போது வெடிச்சுதா?"

"ஆமா சார்."

"குண்டுப்பெட்டிய கழட்டிட்டு, குழல்ல ஒண்ணு நிக்கிறத மறந்துட்டானா?"

"ஆமா சார்."

நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "எங்க பயலுகளும் இதேதான் பண்றானுங்க. போன மாசம் ஒருத்தன் சமையல்கூடத்து கூரையில ஓட்டை போட்டான். எத்தனை தடவ சொல்லிக் குடுத்தாலும் மண்டையில ஏறாது." அப்புறம் பக்கத்தில் யாரிடமோ, "எல்லாரையும் இறங்கச் சொல்லு" என்றார். என்னிடம், "போனை அந்தப் பையன்கிட்ட குடு. வாக்கியத்த அவன்தான் படிக்கணும்" என்றார்.

நெட்டை படித்தான். நானும் என் முகாமுக்கு அதையே படித்தேன். எங்கள் அதிகாரி எள்ளும் கொள்ளுமாக வெடித்தார். "ரெண்டு பக்கமும் ஒரே வாக்கியம் சார், அதுதான சட்டம்" என்றேன். அந்தச் சட்டத்தின் முதல் பக்கத்தை அப்போதுதான் மீறியிருந்தேன் என்பதை நானாக எடுத்துச் சொல்லவில்லை.

பத்து முப்பத்தொன்று. ஒரு நிமிடம் மிச்சம். நெட்டை நாற்காலியில் சரிந்து, "பட்டாசு, நீ உண்மையிலேயே பட்டாசுதான்" என்றான். சிரித்துக்கொண்டே வாக்கியத்தை எழுதப் புத்தகத்தைத் திறந்தேன்.

இருவருக்கும் சிரிப்பு அப்படியே உறைந்தது.

இன்றைய பக்கத்தில், என் கையெழுத்திலேயே, அழகாக எழுதியிருந்தது. காலை முறையில் எதுவும் நடக்கவில்லை. மதியம் 2.00. கீழே இரண்டு கையெழுத்து. கடிகாரத்தில் மணி பத்து முப்பத்தொன்று. அடிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது, பக்கத்துக்கெல்லாம் எண் உண்டு. காலியாக இருக்கிறது என்று நினைத்து அழுத்திப் பார்த்தவன் தம்பி மட்டும் இல்லை.

"மேல இருக்குற இடத்துல சின்னதா எழுதிச் சேத்துரலாமா? 'இதைத் தவிர'ன்னு..." என்று நெட்டை இழுத்தான்.

"இப்பதான் ஒருத்தர நம்ப வெச்சோம். மை காயறதுக்குள்ள பொய் எழுதச் சொல்றியா? இந்த ஒரு பக்கம் பொய்யின்னா அந்த நாப்பத்தொண்ணும் பொய்யின்னு ஆயிரும்டா."

எனவே கீழே எழுதினேன். முதலில் துப்பாக்கி வாக்கியம், பத்து பன்னிரண்டு. அதற்குக் கீழே: "மேலே உள்ள 2.00 மணி வரியைக் காலை எட்டு மணிக்கே எழுதிவிட்டோம். அது தவறு. இதற்கு முன் எழுபத்தாறு நாளும் அப்படித்தான் எழுதினோம்." அதற்கும் கீழே, எதிர்க்கரை முகாமோடு பேசியதையும் எழுதினேன். மாட்டிக்கொள்வதென்று ஆனபின் அரைகுறையாக எதற்கு? இருவரும் கையெழுத்துப் போட்டோம். நெட்டையின் கையெழுத்து இரண்டு மேசைக்கும் நடுவில் இறங்கிக் கோணிக்கொண்டது.

மேலிடத்து அம்மா சரியாகப் பதினொன்றரைக்கு வந்தார். குள்ளமான ஆள். கதவு நிலை அவரை ஒன்றும் செய்யவில்லை. புத்தகத்தைத் திறந்து இன்றைய பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு மணிக்கு என்ன நடக்கும்னு எட்டு மணிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றான் நெட்டை. "ஒண்ணும் நடக்காதுன்னு நம்புனோம்."

"நம்பறத எழுதறதுக்கு வேற புத்தகம் வாங்கிக்கங்க. எதுக்கு முன்னாடியே எழுதுனீங்க?"

பொய் சொல்லும் தெம்பு இருவருக்கும் இல்லை. "பஸ் மேடம்" என்றேன். "ரெண்டு மணிக்குக் கிளம்பிரும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. புத்தகத்தை மூடிக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நாள். தூக்கம் ஏது, சோறு ஏது. அம்மா அன்று "இன்னைக்கு என்ன சத்தம்?" என்று கேட்டதற்கு, "ஒரு தண்ணித் தொட்டி ஓட்டையாயிருச்சு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். சுட்டது யார் என்று சொல்லவில்லை. முகாமில் தம்பிக்கு இருபது நாள் பாத்திரம் கழுவும் தண்டனை கொடுத்தார்கள். உயிரோடு கழுவட்டும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் எழுபத்தாறு வரிகளையும் இரண்டு முகாம்களின் காவல் பதிவுகளோடு வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்களாம். எழுபத்தாறும் சரியாகவே இருந்தன. அதில் எங்கள் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

பத்தாவது நாள் புத்தகம் திரும்பி வந்தது, ஒரு கடிதத்தோடு. முதல் பத்தி முழுக்கத் திட்டு. பொறுப்பின்மை, அலட்சியம் என்று ஒரு சொல்லையும் விட்டுவைக்கவில்லை. இரண்டாவது பத்தியில் இரண்டே விஷயம். மேசை இன்னும் மூன்று வருடத்துக்கு இருக்கும். தென்கரை பஸ்ஸும் வடகரை வேனும் இனி இரண்டே கால் மணிக்குக் கிளம்பும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். நெட்டை துள்ளி எழுந்ததில் தலை விளக்கில் இடித்தது.

ஆனால் முடிதிருத்துகிறவர் விடுவதாக இல்லை. புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்தும் மாட்ட விடமாட்டேன் என்றார். "சுட்டவன் வந்து மாட்டட்டும். அவன் மூஞ்சிய நான் பாக்கணும்." பாலத்தைத் தாண்டி எங்கள் ஆள் யாரும் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு முகாமும் இதைப் பற்றி எட்டு நாள் பேசின. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். சாதாரண உடுப்பு, கையில் ஆயுதம் கிடையாது, காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி நேரம்.

தம்பி எங்கள் அறைக்குள் தென்கதவால் வந்து, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு, வடகதவால் போனான். தோளில் குழாய் முடுக்கும் சாவி வைத்த பை. போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தான். ஜன்னலில் நின்று அந்த மாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே முக்காலுக்குத் தொட்டி மேலே ஏறியது. பன்னிரண்டேகாலுக்கு ஆட்கள் மாடியிலிருந்து இறங்கிவிட்டார்கள். பன்னிரண்டரை. பன்னிரண்டே முக்கால். தொட்டி மாட்டியாச்சு, இன்னும் என்ன செய்கிறான்? "பேசிட்டிருப்பாங்க" என்று நெட்டை பத்துத் தடவை சொன்னான். பதினோராவது தடவை அவனுக்கே குரல் இறங்கிவிட்டது.

ஒரு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது வடகதவு திறந்தது. தம்பி உள்ளே வந்தான். முடி ஒட்ட வெட்டி, காதோரம் பவுடர் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"முதல்ல நல்லா திட்டுனாருக்கா. அப்புறம் தலைய பாத்துட்டு, இத எவன்டா வெட்டுனான்னு கேட்டாரு. முகாம்லன்னு சொன்னேன். உக்காருன்னுட்டாரு."

அன்று இரண்டு மணிக்கு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக எழுதினேன். "தென்கரையிலிருந்து ஒருவர் வடகரைக்குப் போனார். தொட்டி மாட்டினார். திரும்பி வந்தார். வேறு எதுவும் நடக்கவில்லை. மதியம் 2.00." எழுதி முடித்த பிறகும் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

தம்பிக்குச் சாயங்காலம் வரை விடுப்பு. ஒன்றாகவே வீட்டுக்குப் போனோம். அம்மா பள்ளிச் சீருடைக் குவியலுக்கு நடுவில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா."

அப்புறம்தான் தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு கண் மேலே போனது. "முடி எங்கடா வெட்டுன?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"அக்கரையிலம்மா."

மெஷின் நின்றது. இனி மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. துடைத்தது, வெடித்தது, தொட்டி, தளபதி, புத்தகம், எல்லாவற்றையும் நானே மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா மடியில் இருந்த சின்னச் சட்டையை இரண்டாக, நாலாக மடித்துக்கொண்டே இருந்தாள். நான் முடித்ததும் எழுந்து வந்தாள். தம்பியின் தாடையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினாள். தைத்த காலரைச் சரிபார்ப்பதுபோல அவன் பிடரியை விரலால் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தக் காதுக்குப் பின்னாடி கொஞ்சம் ஏத்திட்டாரு" என்றாள். "அடுத்த தடவ அக்கரைக்குப் போறப்ப, ரெண்டு பக்கமும் சமமா வெட்டச் சொல்லு."